கம்மரகஞ்சா டீம் எங்க போச்சு? எச்சூகா வாசகருக்கு பதில்

கேள்வி: வணக்கம் சார். நான் விக்டோரியாவுல எச்சூகாவுல இருக்கேன், ஆஸ்பத்திரில வேலை. என் பையனுக்கு 11 வயசு, லோக்கல் கிளப்ல ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்) ஆடுறான். ஸ்கூல்ல "நம்ம ஏரியாவுல இருந்து காணாம போன ஒரு ஃபுட்பால் கிளப்போட வரலாறு"ன்னு ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. கிரவுண்ட்ல ஒரு பெரியவர் "கம்மரா டீமை பத்தி தேடிப் பாரு, அவங்கள ஜெயிக்க ஆளே இல்லாத காலம் இருந்துச்சு"ன்னு சொன்னாராம். தேடினேன், ரெண்டு மூணு வரிக்கு மேல கிடைக்கல, பேரையும் ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதியிருக்காங்க. அந்த ஊர் ஸ்கூல் வாத்தியார் மொரீஷியஸ்ல இருந்து வந்த நம்ம ஆளுன்னு ஒரு நண்பர் சொன்னார். அது உண்மைன்னா எங்க சங்க மலருக்கு "தமிழர் உருவாக்கிய ஃபுட்பால் டீம்"னு ஒரு கட்டுரையும் எழுதலாம்னு ஆசை. எங்க தேடணும், கிளப் எப்ப மூடுச்சு, ஏன் மூடுச்சு, இந்த தலைப்பு சரியா? சொல்லுங்க சார்.

பதில்:

வணக்கம் தம்பி. உங்க லெட்டரை படிச்சதும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா இத்தனை வருஷமா ஆர்க்கைவ்ஸ்லயும் லைப்ரரி லோக்கல் ஹிஸ்டரி பிரிவுலயும் உக்காந்து எத்தனையோ பேருக்கு கிளப் வரலாறு தேடி குடுத்திருக்கேன், ஆனா கம்மரகஞ்சாவை பத்தி ஒரு தமிழ் அப்பா கேட்டு இதுதான் முதல் தடவை. கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அதுல தப்பு பண்ணிட்டா மீதி எல்லாமே தப்பாயிடும். அந்த தலைப்பு வேண்டாம் தம்பி. ஏன்னு கீழ விவரமா சொல்றேன்.

முதல்ல ஊரை பத்தி. கம்மரகஞ்சா (சுருக்கமா கம்மரா) உங்க வீட்டுல இருந்து ரொம்ப தூரம் இல்ல, மர்ரே ஆத்தோட வட கரையில, பார்மாவுக்கு எதிர்ல இருக்கு. யோர்டா யோர்டாங்கிற அபாரிஜினல் (ஆஸ்திரேலிய பூர்வகுடி) மக்களோட ஊர், அவங்க மொழியில "நம்ம வீடு"ன்னு அர்த்தம் சொல்வாங்க. 1874ல டேனியல் மேத்யூஸ்னு ஒருத்தரும் அவர் மனைவி ஜேனட்டும் பக்கத்துல மலோகாங்கிற இடத்துல ஒரு மிஷன் ஆரம்பிச்சாங்க. அங்க இருந்த ஆம்பளைங்க 42 பேர் 1881லயே "எங்க நிலத்துல கொஞ்சத்தை எங்களுக்கே குடுங்க, நாங்க உழுது பொழைச்சுக்குறோம்"னு கவர்னருக்கு மனு போட்டாங்க. மிஷனோட கெடுபிடி பிடிக்காம 1888ல பெரும்பாலானவங்க அங்க இருந்து கிளம்பி ஆத்தோரமா கொஞ்ச தூரம் தள்ளி இருந்த அரசாங்க ரிசர்வ் நிலத்துக்கு குடி போனாங்க. அதுதான் கம்மரகஞ்சா. குடும்பங்களுக்கு தனித்தனியா பிரிச்சு குடுத்த நிலத்துல அவங்களே காட்டை வெட்டி விவசாயம் பண்ணி நல்லா வந்துட்டு இருந்தாங்க, 1907ல அந்த நிலத்தையும் திருப்பி புடுங்கிட்டாங்க. இதெல்லாம் ஃபுட்பாலுக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க, டீம் காணாம போன கதையோட ஆரம்பமே இங்கதான் இருக்கு.

ஊர் இருக்கிறது நியூ சவுத் வேல்ஸ்ல, ஆனா ஆடினது ஆத்தை தாண்டி விக்டோரியா லீக்ல. இந்த ஒரு விஷயம் தெரியாம நிறைய பேர் தேடி தேடி சோர்ந்து போறாங்க. மேட்ச் செய்தி எல்லாம் விக்டோரியா பக்கத்து பேப்பர்ல இருக்கும், ஊர் நிர்வாக ஆவணங்கள் எல்லாம் சிட்னி பக்கம் நியூ சவுத் வேல்ஸ் ஸ்டேட் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கும். நீங்க மெல்போர்ன்ல போய் ஸ்டேஷன் (அரசாங்க மேனேஜர் நடத்தின இந்த மாதிரி ஊருக்கு அப்படித்தான் பேரு) ஃபைல் கேட்டா கிடைக்காது.

அவங்க ஆடின லீக் பேரு வெஸ்டர்ன் அண்ட் மொய்ரா ரைடிங்ஸ். ரைடிங்னா ஷயருக்குள்ள, அதாவது உள்ளாட்சி வட்டாரத்துக்குள்ள இருக்கிற உட்பிரிவு, நம்ம ஊர்ல வார்டு சொல்ற மாதிரி. 1920கள்ல அந்த லீக்ல கம்மரா திரும்பத் திரும்ப பிரிமியர்ஷிப் (சாம்பியன் பட்டம்) அடிச்சாங்க. ஒரு விஷயத்தை யோசிச்சு பாருங்க, மத்த ஊர் பசங்க சொந்த பண்ணையில வேலை பாத்துட்டு சனிக்கிழமை ஆட வந்தாங்க, இவங்க ப்ரொடெக்‌ஷன் போர்டு (அபாரிஜினல் மக்களோட வாழ்க்கையை கட்டுப்படுத்தின அரசாங்க அமைப்பு) மேனேஜரோட கட்டுப்பாட்டுல ரேஷன் வாங்கி வாழ்ந்தவங்க, புள்ளைங்கள எப்ப தூக்கிட்டு போவாங்களோன்னு பயந்துட்டு இருந்தவங்க (1915ல சட்டத்தை மாத்தி, கோர்ட்டுக்கு போகாமலே புள்ளைங்கள அம்மா அப்பாகிட்ட இருந்து பிரிச்சு கொண்டு போற அதிகாரத்தை போர்டு எடுத்துக்கிச்சு). வாரம் பூரா தலை குனிஞ்சு நிக்க வெச்ச ஊர்க்காரங்களை சனிக்கிழமை ஓவல்ல ஓட ஓட விரட்டி ஜெயிச்சாங்கன்னா அது வெறும் ஆட்டமா இருந்திருக்க முடியாது. அந்தப் பெரியவர் உங்க பையன்கிட்ட சொன்ன ஒரு வரிக்குள்ள இவ்வளவும் இருக்கு.

வேகம் அந்த ஊரோட சொத்து. லின்ச் கூப்பர்னு ஒருத்தர் 1928ல ஸ்டாவெல் கிஃப்ட் ஓட்டப் பந்தயத்தை ஜெயிச்சார், ஆஸ்திரேலியாவுல ப்ரொஃபஷனல் ஓட்டத்துக்கு அதைவிட பெரிய பேர் இல்ல. அவரோட அப்பாதான் வில்லியம் கூப்பர், அபாரிஜினல் மக்களுக்கு பார்லிமென்ட்ல பிரதிநிதித்துவம் வேணும்னு இங்கிலாந்து ராஜாவுக்கே மனு எழுதி 1,814 கையெழுத்து வாங்கினவர். அந்த மனுவை ஆஸ்திரேலிய அரசாங்கம் ராஜாகிட்ட அனுப்பவே இல்ல.

அந்த டீம்ல இருந்து வெளிய வந்து நாடு பூரா தெரிஞ்சவர் டக் நிக்கல்ஸ். 1906 டிசம்பர் 9 கம்மரகஞ்சாவுல பிறந்தார். சின்ன வயசுல அவர் கண்ணு முன்னாடியே அக்காவை போலீஸ் கொண்டு போச்சு. ஆட்டு ரோமம் வெட்டுற ஷெட்ல தார் பையனா வேலை பாத்தார், அதாவது கத்தரி பட்டு ஆட்டுக்கு காயமானா அதுல தார் தடவுற பையன். ஆள் குள்ளம், 158 சென்டிமீட்டர்தான், ஆனா பந்துக்கு எகிறினா மத்தவங்க தலைக்கு மேல இருப்பாராம். 1927ல மெல்போர்ன் போய் கார்ல்டன் கிளப்ல முயற்சி பண்ணினார், நிறத்தை வெச்சு அங்க ஒதுக்கிட்டாங்க. அங்க இருந்து நார்த்கோட் போனார், 1929ல அந்த டீம் பிரிமியர்ஷிப் ஜெயிச்சப்ப அதுல இருந்தார், அதே வருஷம் வாரக்னபீல் கிஃப்ட், நயா கிஃப்ட்னு ரெண்டு ஓட்டப் பந்தயமும் ஜெயிச்சார். 1932ல இருந்து 1937 வரைக்கும் மெல்போர்ன்ல ஃபிட்ஸ்ராய் கிளப்புக்கு 54 மேட்ச். ஃபிட்ஸ்ராய்க்கு போன புதுசுல ட்ரெஸ்ஸிங் ரூம்ல தனியா ஒதுங்கி உக்காந்திருந்தவர் பக்கத்துல போய் உக்காந்து பழகினது ஹேடன் பன்டன், அந்தக் காலத்தோட பெரிய ஸ்டார். 1935ல விக்டோரியா ஸ்டேட் டீமுக்கு ஆடினார். அப்புறம் பாஸ்டர் ஆனார், 1972ல சர் பட்டம், அபாரிஜினல் மக்கள்ல அந்த பட்டம் வாங்கின முதல் ஆள், 1976ல சவுத் ஆஸ்திரேலியாவோட கவர்னர். 1988ல இறந்தப்ப கம்மரகஞ்சாவுலதான் அடக்கம் பண்ணாங்க. இப்ப ஏஎஃப்எல்ல (நாட்டோட பெரிய ஃபுட்டி லீக்) வருஷா வருஷம் சர் டக் நிக்கல்ஸ் ரவுண்ட்னு நடக்குதே, உங்க பையன் ஜெர்சில டிசைன் எல்லாம் பாத்திருப்பான், அது இவர் பேர்லதான். ப்ராஜெக்டை இங்க இருந்து ஆரம்பிச்சா கிளாஸ்ல எல்லாருக்கும் உடனே புரியும்.

இப்ப கிளப் எப்ப மூடுச்சு, ஏன் மூடுச்சுன்னு கேட்டீங்களே. வழக்கமா ஒரு கன்ட்ரி கிளப் எப்படி சாகும்னா, பண்ணைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகும், பத்து குடும்பம் பாத்த வேலையை ரெண்டு மெஷின் பாக்கும், ஸ்கூல் மூடும், பேங்க் மூடும், வேலை தேடி பசங்க மெல்போர்ன் போயிடுவாங்க, பதினெட்டு பேரை தேத்த முடியாம பக்கத்து ஊர் எதிரி கிளப்போடவே சேர்ந்து பேருக்கு நடுவுல ஒரு கோடு போட்டுக்குவாங்க. உங்களுக்கு கிழக்க கொரோவாவும் ரதர்க்ளென்னும் 1979ல சேர்ந்தது அப்படித்தான். வருத்தமான விஷயம்தான், ஆனா அதுல ஒரு மீட்டிங் நடக்கும், ஓட்டு எடுப்பாங்க, மினிட்ஸ்ல எழுதுவாங்க, கோப்பையை எல்லாம் புது கிளப் அலமாரில வெப்பாங்க.

கம்மராவுக்கு அப்படி நடக்கல. 1930கள்ல ஸ்டேஷன்ல சாப்பாடு, வீடு, வைத்தியம் எல்லாமே மோசமாகிட்டே போச்சு, மேனேஜர் மேல மக்கள் குடுத்த புகார் எல்லாம் குப்பைக்கு போச்சு. 1939 பிப்ரவரி 4, சனிக்கிழமை, அபாரிஜினல் உரிமைக்கு போராடின ஜாக் பாட்டன் அங்க வந்து பேசினார், அவரை கைது பண்ணாங்க, கிட்டத்தட்ட 200 பேர் மூட்டை முடிச்சோட, புள்ளைகுட்டிங்களோட ஆத்தை தாண்டி விக்டோரியா பக்கம் நடந்து போய் பார்மாவுல கேம்ப் போட்டாங்க. வாக் ஆஃப்னு இதுக்கு பேரு. ரிசர்வ்ல வாழ்ந்த மக்கள் கூட்டமா வெளிய நடந்த முதல் போராட்டங்கள்ல இது ஒண்ணு. ஒன்பது மாசம் தாக்குப் பிடிச்சாங்க. அந்த வருஷ ஃபுட்பால் சீசனுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கிறப்பவே டீமோட அப்பா அம்மா, அண்ணன் தம்பி எல்லாரும் ஆத்தங்கரையில கூடாரத்துல. நிறைய பேர் திரும்பவே இல்ல, ஷெப்பர்டனுக்கும் மூரூப்னாவுக்கும் நடுவுல ஃப்ளாட்ஸ்னு சொல்ற வெள்ளம் வர்ற தாழ்வான இடத்துல தகரத்தையும் சாக்கையும் வெச்சு குடிசை போட்டு இருந்தாங்க, கொஞ்சம் பேர் உங்க எச்சூகாவுல, கொஞ்சம் பேர் மெல்போர்ன்ல ஃபிட்ஸ்ராய்ல. 1953ல போர்டு ஸ்டேஷனையே மூடிடுச்சு, அப்பவும் சில குடும்பம் நகராம அங்கயே இருந்தாங்க. அதனால ப்ராஜெக்ட்ல "இந்த வருஷம் கிளப் மூடப்பட்டது"ன்னு ஒத்தை வரி எழுத வேண்டாம். ஊர் சிதறுச்சு, அதோட டீமும் சிதறுச்சு, அப்படி எழுத சொல்லுங்க, 11 வயசு பையனுக்கு அது நல்லாவே புரியும்.

தேடுற வழி. ட்ரோவ்ல ஆரம்பிங்க, நேஷனல் லைப்ரரியோட தளம், காசு இல்ல. ரிவரைன் ஹெரால்டு உங்க ஊர் பேப்பர், அதுவும் ஷெப்பர்டன் அட்வர்டைசரும் இருக்கு, பெரும்பாலும் 1954 வரைக்கும்தான் போட்டிருப்பாங்க, காப்பிரைட் காரணம். உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காததுக்கு காரணம் ஸ்பெல்லிங். அந்தக் காலத்து ரிப்போர்ட்டர் ஒவ்வொருத்தரும் காதுல விழுந்த மாதிரி எழுதினாங்க. ஒரு தரம் "எம்" ஒண்ணு போட்டு தேடுங்க, ஒரு தரம் ரெண்டு போட்டு. நடுவுல வர்ற "ஏ"வை எடுத்துட்டு "டபுள் ஓ" போட்டு தேடுங்க, கடைசில "ஜே"க்கு பதிலா "ஜி" போட்டு தேடுங்க, இது எல்லாத்தையும் மாத்தி மாத்தி கலந்து தேடுங்க. பழைய பேப்பரை மெஷின் படிக்கிறப்ப "எம்"ங்கிற எழுத்து "ஆர் என்"னு மாறிடும், அதனால ஊர் பேரை விட்டுட்டு எதிர் டீம் பேரையும் லீக் பேரையும் வருஷத்தையும் போட்டு தேடினா நிறைய மாட்டும். கிடைச்ச கட்டுரையில எழுத்து தப்பா இருந்தா அங்கயே திருத்தலாம், உங்க பையனை திருத்த சொல்லுங்க, அடுத்து தேடுற ஆளுக்கு அது கிடைக்கும். ஸ்கோர் 12-8-80னு போட்டிருந்தா 12 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 80, கோலுக்கு ஆறு பாயின்ட், பிஹைண்டுக்கு ஒண்ணு, இது அவனுக்கே தெரியும். கூட்டி சரி பாக்க சொல்லுங்க, பழைய பேப்பர்ல கூட்டல் தப்பு சகஜம்.

ஒரு எச்சரிக்கை. அந்த பேப்பர்கள்ல இவங்களை பத்தி எழுதியிருக்கிற வார்த்தைகள் ரொம்ப கேவலமா இருக்கும், பாராட்டி எழுதின ரிப்போர்ட்ல கூட இருக்கும். நீங்க கூட உக்காந்து படிங்க, அவனை தனியா விடாதீங்க. அந்த வார்த்தைகளை சார்ட்ல காப்பி பண்ண வேண்டாம், ஸ்கோரையும் பேரையும் தேதியையும் மட்டும் எடுத்துக்கட்டும். பேர் போடுறதுலயும், பொது வாழ்க்கையில இருந்த டக் நிக்கல்ஸ் மாதிரி ஆளுங்களை தவிர மத்த ஆட்டக்காரங்க பேரை, முக்கியமா போட்டோவை, குடும்பத்துகிட்ட கேக்காம போடாதீங்க. இறந்தவங்க படத்தை திடீர்னு பாக்குறது அவங்களுக்கு எவ்வளவு வலின்னு நான் நேர்ல பாத்து கத்துக்கிட்டேன். வேலைக்கு சேர்ந்த புதுசுல ரீடிங் ரூம்ல ஒரு அம்மா ஏதோ ஸ்டேஷனை பத்தி கேட்டாங்க, நான் ஆர்வத்துல ஒரு பழைய டீம் போட்டோவை எடுத்து முன்னாடி வெச்சுட்டேன், ஒரு வார்த்தை முன்கூட்டி சொல்லல. அதுல ரெண்டாவது வரிசையில அவங்க தாத்தா. அவர் முகத்தை அவங்க அதுவரைக்கும் பாத்ததே இல்ல. ரொம்ப நேரம் பேசாம அந்த படத்து மேலயே கைய வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க, எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல. அன்னிக்கு இருந்து யாருக்கா இருந்தாலும் முதல்ல சொல்லிட்டுதான் எடுக்குறேன்.

ப்ரொடெக்‌ஷன் போர்டு ஆவணங்கள்ல நிறைய எல்லாருக்கும் திறந்து குடுக்க மாட்டாங்க, அனுமதி வாங்கணும், அது நியாயமானது, ஏன்னா அதுல இருக்கிறது ஒவ்வொரு குடும்பத்தோட அந்தரங்கம். ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு அதெல்லாம் தேவையே இல்ல. அதுக்கு பதிலா மனுஷங்களை கேளுங்க. யோர்டா யோர்டா நேஷன் அபாரிஜினல் கார்ப்பரேஷனுக்கு ஒரு மெயில் போடுங்க, நாங்க யாரு, எதுக்கு கேக்குறோம், எழுதினதும் உங்ககிட்ட காட்டுறோம்னு. கம்மரகஞ்சா நிலம் 1984ல அந்த மக்களோட லேண்ட் கவுன்சில் கைக்கே திரும்பி வந்துடுச்சு, இப்பவும் அங்க குடும்பங்க வாழறாங்க, அதனால ஆள் இல்லாத பாழடைஞ்ச இடம்னு நினைச்சு ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு போய் இறங்கிடாதீங்க, கேட்டுட்டு போங்க. மெல்போர்ன்ல கூரி ஹெரிடேஜ் ட்ரஸ்ட்லயும் உதவுவாங்க. பதில் வர லேட்டாகும், சில சமயம் வராது, ஸ்கூல் டேட்டுக்காக அவங்களை அவசரப்படுத்தாதீங்க.

அடுத்து வாத்தியார். தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். 1859ல மொரீஷியஸ்ல இந்திய வம்சாவளி குடும்பத்துல பிறந்தவர், குடும்பப் பேர் பீர்சாஹிப். 1881ல மெல்போர்ன் பிரைட்டன் கடற்கரையில மேத்யூஸை சந்திச்சு மலோகாவுக்கு வந்தார், 1885ல வில்லியம் கூப்பரோட தங்கச்சி ஏடாவை கல்யாணம் பண்ணார், கம்மரகஞ்சாவுல 1922 வரைக்கும் பாடம் எடுத்தார். வில்லியம் கூப்பர், டக் நிக்கல்ஸ், மார்கரெட் டக்கர்னு பின்னாடி உரிமைக்கு போராடின ஒரு தலைமுறையே அவர்கிட்ட படிச்சது. மனு எழுதுறது எப்படி, மேடையில பேசுறது எப்படி, ஆபீஸ்காரங்களுக்கு அவங்க பாஷையிலயே பதில் சொல்றது எப்படின்னு கத்துக் குடுத்தார். எனக்கும் அவரை பத்தி படிக்கிறப்ப எல்லாம் நெஞ்சு நிமிரும் தம்பி, அதை மறைக்கல. நம்ம தேசத்து மண்ணுல வேர் இருந்த ஒரு ஆள் இவ்வளவு தூரம் வந்து, அதிகாரம் பக்கம் போகாம மக்கள் பக்கம் போய், அவங்கள்ல ஒருத்தராவே ஆகிட்டார்.

ஆனா அவர் உருவாக்கினது டீம் இல்ல. டீமை உருவாக்கினது யோர்டா யோர்டா பசங்க. "தமிழர் உருவாக்கிய டீம்"னு போட்டா ரெண்டு தப்பு நடக்குது. ஒண்ணு, மொரீஷியஸ்ல பிறந்த இந்திய வம்சாவளின்னு உறுதியா சொல்ல முடியுறதை, நாம உறுதியா தெரியாமலே நம்ம ஆசைக்கு தமிழர்னு ஆக்குறோம். ரெண்டாவது இன்னும் பெருசு, நிலம், புள்ளைங்க, கூலி எல்லாத்தையும் பறிகொடுத்த ஜனங்ககிட்ட கடைசியா இருக்கிற ஒரு பெருமை அந்த டீம், அதையும் நாம போய் நம்மளோடதுன்னு எடுத்துக்குறோம். அவரோட பேரப்பிள்ளைங்க, கொள்ளுப் பேரப்பிள்ளைங்க எல்லாம் யோர்டா யோர்டாகாரங்களா அந்த வட்டாரத்துலயே இருக்காங்க, தன் முன்னோரை தேடி அவங்களே நிறைய வேலை பண்ணியிருக்காங்க, சொல்லணும்னா அவங்க சொல்லட்டும். சங்க மலருக்கு எழுதணும்னா தாராளமா எழுதுங்க, "கம்மரகஞ்சா வாத்தியார்"னு தலைப்பு வைங்க, இந்திய வம்சாவளின்னு ஒரு வரி போதும், மீதியை அவர் கிட்ட படிச்சவங்களுக்கு குடுங்க.

இன்னொண்ணு விட்டுட்டேன். ப்ராஜெக்ட் தலைப்பு "காணாம போன கிளப்" தானே, கடைசிப் பக்கத்துல ரம்பலாராவை போட சொல்லுங்க. ஆத்தை தாண்டி வந்தவங்களோட பசங்க, பேரப்பசங்க ஷெப்பர்டன் பக்கம் சொந்தமா ஒரு கிளப் வேணும்னு லீக் கதவை பல தடவை தட்டி, பல தடவை மாட்டேன்னு சொல்லி, கடைசியா 1997ல உள்ள வந்தாங்க, ரம்பலாரா ஃபுட்பால் நெட்பால் கிளப். இப்பவும் ஆடுறாங்க, உங்க ஊர்ல இருந்து ஒரு மணி நேரம்தான் இருக்கும். ஹோம் மேட்ச் இருக்கிற சனிக்கிழமையா பாத்து பையனை கூட்டிட்டு போங்க, கேட்ல டிக்கெட் வாங்குங்க, கேன்டீன்ல ஏதாவது வாங்கி சாப்பிடுங்க, அன்னிக்கு கேள்வி எதுவும் கேக்க வேண்டாம், மேட்ச் பாத்துட்டு வாங்க. ரெண்டாவது தடவை போறப்ப நோட்டை எடுத்துட்டு போகலாம். ட்ரோவ்ல மாட்டினதை எல்லாம் வருஷ வாரியா ஒரு தாள்ல எழுதி எனக்கு அனுப்புங்க, எந்த வருஷத்துல இடைவெளி இருக்குன்னு பாத்து அதுக்கு எந்த பேப்பர்ல தேடணும்னு சொல்றேன்.